முதலிடம் என்றால் முதல் மதிப்பெண் என்று நினைத்தேன்

நீளமான பதிவு. பாதி படித்துவிட்டுத் திட்ட வேண்டாம், முழுதும் படித்துவிட்டுத் திட்டுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை கோவில்பட்டியில் ஒரு சின்ன மண்டபத்தில் இணையதளம் ஒன்றின் தொடக்க விழா நடந்தது. கடைக்காரர்களும் பள்ளிக்கூடங்களும் சிறுதொழில் செய்பவர்களும் தங்களுக்கு எந்த மென்பொருள் சரிப்படும் என்று ஒப்பிட்டுப் பார்த்துத் தேர்வு செய்ய உதவும் தளம். நடத்துபவர் என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த பிள்ளை. சென்னையில் நல்ல வேலையில் இருந்தவர், அதை விட்டுவிட்டு ஊருக்கு வந்து கடன் வாங்கி இதை ஆரம்பித்திருக்கிறார். "டீச்சர், நீங்கதான் தொடங்கி வைக்கணும்" என்று வீட்டுக்கே வந்து பழத்தட்டோடு அழைத்தார். போனேன். குத்துவிளக்கு ஏற்றினேன். மடிக்கணினியில் பொத்தானை அழுத்தினேன். பிறகு நாலு நிமிடம் பேசினேன். அந்த நாலு நிமிடப் பேச்சுக்குத்தான் இப்போது எனக்கு அர்ச்சனை நடந்துகொண்டிருக்கிறது.

"கூப்பிட்ட இடத்துல வாழ்த்திட்டு வர்றதை விட்டுட்டு, பிள்ளையை மேடையிலயே அசிங்கப்படுத்திட்டீங்களே" என்று என்னோடு வேலை பார்த்த ஒருவர் போனில் கேட்டார். இன்னொருவர், "டீச்சர் டிரெயினிங் முடிச்சிட்டு அஞ்சாங்கிளாசுக்குப் பாடம் எடுத்தவங்களுக்குக் கம்ப்யூட்டரைப் பத்தி என்ன தெரியும்" என்று என் தம்பியிடம் சொல்லியிருக்கிறார். நேரிலேயே கேட்டிருக்கலாம், கோபப்பட மாட்டேன். கம்ப்யூட்டர் எனக்குத் தெரியாதுதான். ஆனால் ஒப்பிடுவதும் மதிப்பெண் போடுவதும் வரிசைப்படுத்துவதும் நான் 36 வருடம் செய்த வேலை. அதைப் பற்றித்தான் பேசினேன். மேடையில் நேரம் இல்லாமல் விட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். அந்தப் பிள்ளையின் பெயரையும் தளத்தின் பெயரையும் எழுத மாட்டேன். யாரும் கேட்கவும் வேண்டாம்.

முதலில் என் தவறைச் சொல்லிவிடுகிறேன்.

ஓய்வு பெற்ற பிறகு ஒரு தனியார் நர்சரி பிரைமரி பள்ளியில் மேற்பார்வைக்குப் போய்க்கொண்டிருந்தேன். 340 பிள்ளைகள். பீஸ் ரசீது, வருகைப் பதிவு, ரேங்க் கார்டு, மாற்றுச் சான்றிதழ் எல்லாவற்றுக்கும் ஒரு சாஃப்ட்வேர் வாங்கிவிடலாம் என்று தாளாளர் முடிவு செய்தார். "நீங்கதான் பொறுமையாப் பார்ப்பீங்க. நல்லதா ஒண்ணு பார்த்துச் சொல்லுங்க டீச்சர்" என்று என்னிடம் விட்டார். நானும் இணையத்தில் தேடினேன். 'பள்ளிகளுக்கான சிறந்த 10 மென்பொருள்கள்' என்று ஒரு ஒப்பீட்டுத் தளம் வந்தது. அழகான அட்டவணை. பச்சை டிக், சிவப்புப் பெருக்கல் குறி, மஞ்சள் நட்சத்திரம். விலை தெரிய வேண்டுமென்றால் கைபேசி எண்ணைப் போடச் சொன்னது. போட்டேன். அரை மணி நேரத்தில் முதல் அழைப்பு. அன்று என் தங்கை மகனுக்கு நிச்சயதார்த்தம். தட்டு மாற்றுகிற நேரத்தில் நாலாவது அழைப்பு. இரவுக்குள் ஏழு பேர் கூப்பிட்டுவிட்டார்கள். ஏழு பேருக்கும் என் பெயர், ஊர், பள்ளியில் எத்தனை பிள்ளைகள் என்பது வரை தெரிந்திருந்தது.

நான் அந்தப் பட்டியலில் முதலில் இருந்ததைப் பரிந்துரைத்தேன். ஏன் என்று கேட்டால் இப்போது வெட்கமாக இருக்கிறது. முதலில் இருந்தது, அதனால்தான். வாழ்நாளெல்லாம் ரேங்க் கார்டு எழுதிய கை. முதலிடம் என்றால் முதல் மதிப்பெண் வாங்கியது என்றுதான் என் மூளைக்குத் தெரியும். அது காசு கொடுத்து வாங்கிய இடமாக இருக்கலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. பக்கத்தின் அடியில், எறும்பு போன்ற எழுத்தில், 'இப்பட்டியலில் உள்ள நிறுவனங்களிடமிருந்து நாங்கள் கட்டணம் பெறக்கூடும்' என்று போட்டிருந்ததை ஒரு வருடம் கழித்துத்தான் பார்த்தேன்.

வாங்கிய முதல் வாரமே பெயரில் தகராறு. ஒவ்வொரு பிள்ளைக்கும் குடும்பப் பெயர் கட்டாயம் போட வேண்டுமாம். நம் பிள்ளைகளுக்கு ஏது குடும்பப் பெயர்? மு. கார்த்திகா என்றால் மு. கார்த்திகாதான். வேறு வழியில்லாமல் குடும்பப் பெயர்க் கட்டத்தில் 'மு' என்று அடித்தோம். சில ஆசிரியைகள் அப்பா பெயரை முழுதாக அடித்தார்கள். ஒருவர் வெறும் புள்ளி வைத்தார். ஒரே வகுப்பில் மூன்று விதமாகப் பெயர்கள். தமிழில் மாற்றுச் சான்றிதழ் அச்சடித்தால் 'கோமதி'யில் இருக்கும் 'கோ' மூன்று துண்டாக வந்தது. கொம்பு ஒரு பக்கம், க ஒரு பக்கம், கால் ஒரு பக்கம். அட்டவணையில் 'தமிழ்' என்ற வரிசைக்கு நேரே பச்சை டிக் இருந்ததை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். மெனுவைத் தமிழில் மாற்றிக்கொள்ளலாம் என்பதுதான் அந்த டிக்குக்கு அர்த்தமாம். அச்சில் வருமா என்று யாரும் பார்த்திருக்கவில்லை.

முதல் வருடம் 18,000 ரூபாய். இரண்டாம் வருடம் 31,000 என்றார்கள். முதல் வருடத்தது அறிமுக விலையாம். தாளாளர், "வேண்டாம், நம்ம விவரங்களை எடுத்துக்கிட்டு வேறது போயிரலாம்" என்றார். அப்போதுதான் தெரிந்தது, விவரங்களை எடுக்க முடியாது என்று. பிள்ளைகள் பட்டியலைப் பார்க்கலாம், தாளில் அச்சடிக்கலாம், அவ்வளவுதான். எக்செல் கோப்பாக வேண்டும் என்றால் அது இன்னும் விலை கூடிய திட்டத்தில்தான் உண்டாம். நம் பிள்ளைகளின் பெயரை நம் கையால் அடித்து உள்ளே போட்டோம். அதை வெளியே எடுக்க நாமே காசு கொடுக்க வேண்டும்!

மே மாத விடுமுறையில் இரண்டு இளம் ஆசிரியைகள் உட்கார்ந்து அச்செடுத்த தாளைப் பார்த்து 340 பிள்ளைகளின் விவரத்தையும் மறுபடி அடித்தார்கள். விடுமுறை மாதத்துக்கு அவர்களுக்குச் சம்பளம் கிடையாது. ஒரு பிள்ளைக்குப் பிறந்த தேதியில் 3 என்பது 8 ஆகிவிட்டது. அடுத்த பள்ளியில் சேர்க்கப் போனபோது ஆதாரில் ஒரு தேதி, எங்கள் சான்றிதழில் ஒரு தேதி. அந்தப் பிள்ளையின் அப்பா தீப்பெட்டி ஆலையில் கூலிக்குப் போகிறவர். மூன்று நாள் வேலையை விட்டு அலைந்தார். கடைசியில் திருத்திய சான்றிதழை வாங்க வந்தபோது என்னிடம், "பரவாயில்லைங்க டீச்சர், கம்ப்யூட்டர்ல தப்பு வந்தா நீங்க என்ன பண்ணுவீங்க" என்றார். கம்ப்யூட்டரில் தப்பு வரவில்லை. அந்த முதலிடத்தை நம்பி வாங்கச் சொன்னது நான்.

இந்தக் கதை என் முதுகில் இருக்கும்போதுதான் என் மாணவர் பழத்தட்டோடு வந்தார். நல்ல காரியம் என்று உடனே ஒத்துக்கொண்டேன். விழாவுக்கு இரண்டு நாள் முன்பு தளத்தைத் திறந்து காட்டினார். அதே பச்சை டிக். அதே 'சிறந்த 10'. அதே கைபேசி எண் கட்டம்.

"தம்பி, இதுக்கு யாருப்பா காசு தர்றா?" என்று கேட்டேன்.

"கம்பெனிக்காரங்கதான் டீச்சர். நம்ம சைட்லருந்து போற ஒவ்வொரு கஸ்டமர் நம்பருக்கும் இவ்வளவுன்னு தருவாங்க. கூட தர்றவங்க மேல வருவாங்க. வர்றவங்களுக்கு முழுக்க இலவசம்."

"அப்போ பட்டியல்ல முதல்ல வர்றது நல்ல சாஃப்ட்வேர் இல்லையா?"

"நல்லதும் வரும் டீச்சர். உலகம் பூராவும் இப்படித்தான் பண்றாங்க."

பிள்ளை பொய் சொல்லவில்லை. பெரிய இடங்களில் அப்படித்தான் நடக்கிறது. நானும் வீட்டுக்கு வந்து தேடிப் படித்தேன். அமெரிக்காவில் 1999இல் தொடங்கிய கேப்டெரா என்ற தளம் இந்த வகைக்கு ஒரு பெரிய முன்னோடி. வாங்க வருபவருக்கு இலவசம். விற்கும் நிறுவனம் ஒவ்வொரு சொடுக்குக்கும் காசு கொடுக்கும். ஏலம் போல அதிகம் கேட்பவர் மேலே போவார். இதே போன்ற சாஃப்ட்வேர் அட்வைஸ் என்ற தளத்தை 2014இலும், கேப்டெராவையும் கெட்ஆப்பையும் 2015இலும் கார்ட்னர் என்ற பெரிய ஆலோசனை நிறுவனம் வாங்கியது. ஆக, மூன்று வெவ்வேறு தளங்களில் போய்ப் பார்த்துச் சரிபார்த்துக்கொண்டோம் என்று நினைத்திருந்தவர்கள், உண்மையில் ஒரே முதலாளியின் மூன்று கடைகளில் ஏறி இறங்கியிருக்கிறார்கள். காசு வாங்குவதை அவர்கள் மறைக்கவில்லை, சொல்லித்தான் செய்தார்கள். சட்டப்படி குற்றம் என்று நான் சொல்லவில்லை. அதற்கு 'ஒப்பீடு' என்று பெயர் வைப்பதைத்தான் எதிர்க்கிறேன். தரகு என்று சொல்லுங்கள், எனக்கு ஆட்சேபணையே இல்லை. வீட்டுத் தரகரிடம் போகும்போது அவர் இரண்டு பக்கமும் கமிஷன் வாங்குவார் என்று தெரிந்துதான் போகிறோம். அவர் சொல்வதில் பாதியைக் கழித்துக்கொண்டுதான் கேட்கிறோம். அந்தத் தரகர் நடுவர் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தால் எதைக் கழிப்பது?

பொதுத்தேர்வு விடைத்தாளில் எதற்காக டம்மி நம்பர் போடுகிறோம்? திருத்துபவர் நல்லவர் இல்லை என்பதற்காகவா? எவ்வளவு நல்லவரானாலும், யாருடைய தாள் என்று தெரிந்தால் பேனா கொஞ்சம் வளையும் என்பதால்தான். இங்கே தாள் யாருடையது என்று தெரிவது மட்டுமல்ல, தாளோடு சேர்த்து ரூபாய் நோட்டும் மடித்து வருகிறது. அதிகம் மடித்தவனுக்கு முதல் ரேங்க். ஒரு பள்ளிக்கூடத்தில் இப்படி நடந்தால் நாம் சும்மா இருப்போமா?

"டீச்சர், இதெல்லாம் இலவசமா கொடுக்கிறாங்க, பிடிச்சாப் பாருங்க, பிடிக்கலைன்னா விடுங்க" என்று ஒருவர் விழாவிலேயே எழுந்து சொன்னார். இலவசம் என்று யார் சொன்னது? நிறுவனம் என் நம்பருக்குக் கொடுத்த காசை எங்கிருந்து எடுக்கும்? அந்த 31,000 ரூபாயில் இருந்துதான். எங்கள் பள்ளி அதைப் பிள்ளைகளின் பீஸிலிருந்து எடுக்கும். தீப்பெட்டி ஆலைக் கூலிக்காரர் அந்தத் தளத்தைத் திறந்துகூடப் பார்த்ததில்லை. அவரும் சேர்த்துத்தான் காசு கட்டியிருக்கிறார்.

இன்னொரு சேதாரமும் உண்டு. காசு கொடுத்தவர் மேலே வந்தால், காசு கொடுக்க யாருமே இல்லாதது எங்கே போகும்? லிப்ரே ஆபீஸ் என்று ஒன்று இருக்கிறது. 2010இல் ஓப்பன் ஆபீஸிலிருந்து பிரிந்து வந்தது. உரிமக் கட்டணம் கிடையாது, தமிழ் ஒருங்குறியில் ஒழுங்காக அடிக்கலாம். 340 பிள்ளைகளின் பெயர்ப் பட்டியலுக்கும் பீஸ் கணக்குக்கும் அதில் உள்ள அட்டவணையே ஏகதேசம் போதும் என்று பிறகு எனக்கு ஒரு பையன் போட்டுக் காட்டினான். பக்கத்து மாநிலமான கேரளத்தில் அரசுப் பள்ளிக் கணினிகளே கட்டற்ற மென்பொருளில்தான் பல வருடங்களாக ஓடுகின்றன. நான் தேடிய அன்று இதெல்லாம் என் கண்ணில் படவே இல்லை. என் நம்பரை விலை கொடுத்து வாங்க அங்கே ஆள் இல்லை, அதனால் என்னை அங்கே அனுப்பவும் ஆள் இல்லை. 'உங்களுக்கு எதுவுமே வாங்க வேண்டியதில்லை' என்ற பதில் அந்த மாதிரித் தளத்திலிருந்து ஒரு நாளும் வராது. ஒப்பிட்டுப் பார்த்துச் சொல்பவர் சொல்லக்கூடிய மிக நல்ல பதில் பல நேரம் அதுதான்.

சரி, நட்சத்திரத்துக்கு வருவோம். வாங்கியவர்களே எழுதும் விமர்சனம் இருக்கிறதே, அது போதாதா என்று கேட்கிறார்கள். கேப்டெரா போன்ற தளங்களில் விமர்சனம் எழுதுபவருக்குப் பரிசு அட்டை கொடுக்கும் வழக்கம் வெளிப்படையாகவே உண்டு. காப்பி வாங்கிக் கொடுத்துவிட்டு 'எப்படி இருந்தது என் சமையல்' என்று கேட்டால் யார் உப்பு குறைவு என்பார்? நான் பார்த்த பட்டியலில் பத்துக்கு எட்டு நாலரை நட்சத்திரம். எல்லாப் பிள்ளையும் 90 வாங்கிய வகுப்பைப் பார்த்தால் எனக்குப் பிள்ளைகள் மேல் பெருமை வராது, வினாத்தாள் மேல் சந்தேகம் வரும். என் வயதுக்காரர்களுக்கு ஆனந்த விகடன் சினிமா விமர்சனம் நினைவிருக்கும். '16 வயதினிலே' படத்துக்கே 62½ மார்க்தான். அதற்கு மேல் வாங்கிய படம் இல்லை என்று இன்றுவரை பேசுகிறோம். 40 மார்க் என்றால் பார்க்கலாம் என்று வீட்டில் முடிவெடுப்போம். கஞ்சத்தனமாகப் போட்டதால்தான் அந்த மார்க்குக்கு மதிப்பு இருந்தது.

அரசாங்கத்துக்கும் இது தெரியாமல் இல்லை. இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022 நவம்பரில் இணைய விமர்சனங்களுக்கென்றே ஐஎஸ் 19000 என்று ஒரு தரத்தை வெளியிட்டது. 2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இணையத்தில் ஏமாற்றும் 13 வழிகளைப் பட்டியலிட்டு வழிகாட்டுதல் வெளியிட்டது. விளம்பரத்தை விளம்பரம் என்று தெரியாதபடி வேறு வேடம் போட்டுக் காட்டுவது அதில் ஒன்று. சந்தாவுக்குள் மாட்டவைத்துவிட்டு வெளியே வர வழி காட்டாதது ஒன்று. மென்பொருள் சந்தாவுக்குத் தந்திரமாகக் கட்டணம் வசூலிப்பதற்கென்றே தனியாக ஒன்று. அமெரிக்காவிலும் பொய் விமர்சனங்களை எழுதுவதையும் விலைக்கு வாங்குவதையும் தடுக்க 2024இல் விதி கொண்டுவந்தார்கள். நோய்க்குப் பெயர் வைத்தாகிவிட்டது. மருந்து எங்கள் ஊர் வரை இன்னும் வந்து சேரவில்லை.

"அப்ப அவன் எதைத் தின்பான்?" என்று என் தம்பியே என்னைக் கேட்டான். நியாயமான கேள்வி. அந்தப் பிள்ளை கடன் வாங்கியிருக்கிறது, வட்டி கட்ட வேண்டும். காசு வாங்காதே என்று நான் சொல்லவில்லை. யாரிடம் வாங்குவது என்பதுதான் பேச்சு. அமெரிக்காவிலேயே 1936இல் தொடங்கிய கன்சூமர் ரிப்போர்ட்ஸ் இருக்கிறது. விளம்பரம் வாங்குவதில்லை. பொருளை நிறுவனத்திடம் இலவசமாக வாங்காமல், கடையில் சாதாரண ஆள் மாதிரி போய்க் காசு கொடுத்து வாங்கிச் சோதிப்பார்கள். படிப்பவர்கள் கட்டும் சந்தாதான் முக்கிய வருமானம். ஜெர்மனியில் 1964இல் தொடங்கிய ஷ்டிஃப்டுங் வாரன்டெஸ்ட்டும் அப்படித்தான் பொருள்களைக் கடையில் வாங்கிச் சோதிக்கிறது. அதன் பத்திரிகையில் விளம்பரம் கிடையாது. இரண்டும் இன்றுவரை நடக்கின்றன. 'உலகம் பூராவும் இப்படித்தான்' என்பது பாதி உலகத்தை மட்டும் பார்த்துவிட்டுச் சொல்வது.

அவ்வளவு பெரிதாகப் போக வேண்டாம். நம் ஊரில் வணிகர் சங்கம் இருக்கிறது, அச்சக உரிமையாளர்கள் இருக்கிறார்கள், தனியார் பள்ளித் தாளாளர்கள் இருக்கிறார்கள். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்ததிலிருந்து எத்தனையோ சின்னக் கடைக்காரர்கள் ஏதாவது ஒரு பில் போடும் சாஃப்ட்வேர் வாங்கியிருக்கிறார்கள். எப்படித் தேர்ந்தெடுத்தார்கள் என்று கேளுங்கள். "ஆடிட்டர் சொன்னார்", "பக்கத்துக் கடையில இருந்துச்சு", இவ்வளவுதான் பதில். ஆக, இப்படி ஒரு தளம் வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை. வேண்டும் என்பதால்தான் இவ்வளவு கோபம். தவறான இடத்தில் ஆயிரக்கணக்கில் காசு போடுவதற்கு முன்னால் இருநூறு ரூபாய் கொடுத்து உண்மையைத் தெரிந்துகொள்ளச் சொன்னால் கடைக்காரர் கொடுப்பார். எல்லாரும் கொடுக்க மாட்டார்கள். கொடுப்பவர்களை வைத்து மெதுவாக வளரட்டும். அது வரைக்கும் விளம்பரம் போட்டே ஆக வேண்டுமென்றால் செய்தித்தாளில் போடுவது போலக் கட்டம் கட்டி, மேலே 'விளம்பரம்' என்று பெரிய எழுத்தில் போடட்டும். அட்டவணைக்குள் மட்டும் அந்தக் காசு நுழையக் கூடாது.

அட்டவணையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் நாளைக்கே காசு வாங்குவதை நிறுத்திவிட்டாலும் அந்த அட்டவணையால் எங்கள் பள்ளி தப்பித்திருக்காது. அதில் 42 வரிசை இருந்தது, எண்ணினேன். பள்ளி வேன் எங்கே போகிறது என்று காட்டுமா, முகத்தைப் பார்த்து வருகை போடுமா, பெற்றோருக்கு ஆப் உண்டா. எல்லாம் நிறுவனம் தன் விளம்பரத் தாளில் எழுதிக் கொடுத்ததை அப்படியே எடுத்துப் போட்டது. மாணவனே கேள்வி எழுதி, மாணவனே பதில் எழுதி, மாணவனே டிக் போட்ட தாள். நான் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுகூட அதில் இல்லை. மூன்றாவது வருடம் எவ்வளவு கட்ட வேண்டும்? நாங்கள் போட்ட விவரத்தை எங்களுக்கு வேண்டும்போது எக்செல்லில் தருவாயா? 'கௌசல்யா', 'ஸ்ரீநிதி' என்று அச்சடித்துக் காட்டு பார்ப்போம். இனிஷியலை எங்கே போடுவது? கரண்ட் போய், நெட்டும் போன நேரத்தில் பீஸ் கட்ட ஒரு அம்மா வந்து நின்றால் ரசீது போட முடியுமா? எமிஸ் தளத்தில் கேட்கும் விவரங்களை இதிலிருந்து எடுத்துக்கொள்ள முடியுமா, இல்லை அங்கேயும் ஒரு முறை தனியாக அடிக்க வேண்டுமா? போன் பண்ணினால் எடுப்பவருக்குத் தமிழ் தெரியுமா?

இதைச் சோதிக்கப் பெரிய ஆய்வகம் வேண்டாம். 20 பிள்ளைகளின் பெயரை உள்ளே போட்டு, ஒரு சான்றிதழ் அச்சடித்து, அதே 20 பெயரையும் வெளியே எடுத்துப் பார்த்தால் இரண்டு நாளில் தெரிந்துவிடும். சிவகாசியில் அச்சகம் வைத்திருப்பவருக்குக் கேள்விகள் வேறாக இருக்கும். அவரிடம் பழைய எழுத்துருவில் அடித்து வைத்த கல்யாணப் பத்திரிகைகள் வருடக்கணக்கில் கிடக்கும். தமிழக அரசு 2010இலேயே ஒருங்குறியைத் தரமாக அறிவித்துவிட்டது என்றாலும் அவருடைய பழைய கோப்பு அதனால் தானாக மாறிவிடாது. புது மென்பொருளில் அதைத் திறந்தால் எழுத்து எழுத்தாக வருமா, கட்டம் கட்டமாக வருமா? அது தெரிந்தால் போதும் அவருக்கு. நட்சத்திரம் அவருக்கு எதற்கு?

மேடையில் நான் பேசியது இதில் கால்வாசிதான். "பொத்தானை அழுத்திட்டேன் தம்பி, ஆனா அந்த முதலிடத்துக்கு என்னால வாழ்த்துச் சொல்ல முடியாது" என்று முடித்தேன். கைதட்டல் இல்லை. அந்தப் பிள்ளையின் அம்மா மட்டும் வெளியே வந்து, "சாப்பிட்டுட்டுப் போங்க டீச்சர்" என்று கையைப் பிடித்தார். அவர் முகத்தைப் பார்க்கத்தான் கஷ்டமாக இருந்தது. தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாமே என்று பலர் கேட்கிறீர்கள். இரண்டு நாள் முன்பே தனியாகச் சொன்னேன். மாறவில்லை. விழாவில் என் பெயரைப் போட்டு அழைப்பிதழ் அடித்திருந்தார்கள். என்னிடம் படித்தவர்கள் இந்தச் சுற்று வட்டாரத்தில் கடை வைத்திருக்கிறார்கள், பள்ளி நடத்துகிறார்கள். டீச்சர் தொடங்கி வைத்த தளம் என்று நம்பி நாளைக்கு அவர்கள் தங்கள் நம்பரைப் போடுவார்கள். ஏற்கெனவே ஒரு முறை என் வார்த்தையை நம்பி 340 பிள்ளைகளின் விவரம் மாட்டிக்கொண்டது. பேசாமல் இறங்கி வர எனக்கு மனம் வரவில்லை.

நேற்று இரவு அந்தப் பிள்ளை வாட்ஸ்அப்பில் எழுதியிருந்தார். கோபம் இருந்தது, ஆனால் மரியாதை குறையவில்லை. கைபேசி எண் போடாமலே விலை தெரியும்படி மாற்றிவிட்டாராம். திறந்து பார்த்தேன், உண்மைதான், அந்தக் கட்டம் இல்லை. 'விவரங்களை எக்செல்லில் எடுக்கலாமா' என்று புதிதாக ஒரு வரிசையும் சேர்த்திருக்கிறார். அதற்கு நேரே பத்து மென்பொருளுக்கும் பச்சை டிக் இருக்கிறது. யார் சோதித்தது என்று கேட்டு எழுதினேன். "கம்பெனிக்காரங்க சொன்னாங்க டீச்சர்" என்று பதில். முதலிடத்தில் இருந்தது இன்னும் முதலிடத்தில்தான் இருக்கிறது.

20 பிள்ளைகளின் பெயர்ப் பட்டியலை, கௌசல்யா முதல் ஸ்ரீநிதி வரை இனிஷியலோடு, நானே கையால் எழுதிப் படம் எடுத்து அவருக்கு அனுப்பியிருக்கிறேன். எல்லாம் கற்பனைப் பெயர்கள். பத்தையும் திறந்து வைத்து நாம் இருவரும் உட்கார்ந்து அடித்துப் பார்ப்போம், சனிக்கிழமை காலை வீட்டுக்கு வா, இட்லி இருக்கும் என்று எழுதினேன். இரண்டு நீல டிக் விழுந்திருக்கிறது. பதில் இன்னும் வரவில்லை.